காக்சாக்கியும் நம் இதயமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகினேன். போட்டிக்கு முதல் நாள் இரவு காய்ச்சல் வந்தது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு காலையில் மைதானத்திற்கு வந்துவிட்டேன். கோட்டருகே நின்றபோது உடற்கல்வி இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, போய்ப் படு. அடுத்த வருஷமும் மைதானம் இங்கேதான் இருக்கும்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அவர் இசையவில்லை. அன்று அவர்மீது எனக்கு வந்த கோபத்திற்கு அளவில்லை.

கோபம் தணிந்த பிறகு ஒரு நாள் அவரிடமே காரணம் கேட்டேன். "சில காய்ச்சல் நெஞ்சையும் தொட்டுவிட்டுப் போகும். அந்த நேரத்தில் ஓடக் கூடாது. ஏன் என்பதை நீதான் விலங்கியல் படிக்கிறாயே, தேடிப் பார்" என்றார். தேடினேன். ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கிய வைரஸின் வரலாறு என் கண்முன் விரிந்தது. நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி, தென்னாப்பிரிக்கா வழியாகச் சென்று, சீனத்தின் கிராமங்களை அது தொட்டது. படித்து முடித்தபோது, நோயைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமே மாறிவிட்டது. அதனை மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர்ப் பெயர் பெற்ற வைரஸ்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் காக்சாக்கி என்றோர் ஊர் உள்ளது. அந்நாட்டுப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. 1947ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் என்றாலே பெற்றோர் நடுங்குவர். தடுப்பூசி வருவதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. அவ்வாண்டு காக்சாக்கியைச் சேர்ந்த இரு சிறுவர்களுக்குக் கைகால் வலுவிழந்தது. இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்று ஐயுற்று அவர்களுடைய மலத்தைச் சோதனைக்கு எடுத்தனர்.

ஆல்பனி நகரிலிருந்த மாநிலச் சுகாதாரத் துறை ஆய்வகத்தில் கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் என்னும் இருவர் அதனை ஆராய்ந்தனர். வளர்ந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் ஒன்றும் நேரவில்லை. பிறந்து சில நாள்களே ஆன, பால்குடி மாறாத சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோதோ அவை முடங்கிப்போயின. இளம்பிள்ளை வாத வைரஸ் இப்படி நடந்துகொள்வதில்லை. ஆகவே இது வேறொன்று என்று அவர்கள் தெளிந்தனர். 1948இல் இம்முடிவை வெளியிட்டனர். பின்னர் அந்த ஊரின் பெயரையே வைரஸுக்கும் சூட்டினர்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். வைரஸ் ஒன்றே, புகுந்த உடல்தான் வேறு. தாயின் மடியில் கிடந்த குட்டி முடங்கியது. வளர்ந்த எலி ஓடித் திரிந்தது. இந்தக் கதை முழுவதற்கும் அடிப்படை இதுவேயாகும்.

அடுத்த சில ஆண்டுகளில் இவ்வைரஸின் உறவினர்கள் பலவும் கண்டறியப்பட்டன. குட்டிகளின் உடலில் அவை விளைக்கும் கேட்டைக் கொண்டு அவற்றை ஏ தொகுதி, பி தொகுதி என இரண்டாகப் பிரித்தனர். குழந்தைகளின் கை, கால், வாயில் கொப்புளம் தரும் நோய்க்குப் பெரும்பாலும் ஏ தொகுதியே காரணம். 2022இல் கேரளத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் இந்நோயே. பி தொகுதியில் ஆறு வகைகள் உள்ளன. அவற்றுள் இதயத்தை நாடுவதில் பெயர் பெற்றதும், ஆய்வகங்களில் மிகுதியாக ஆராயப்பட்டதும் பி3 என்னும் மூன்றாம் வகை.

எத்துணைச் சிறியது!

இவ்வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டர். நம் அளவுகோலின் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இவற்றை வரிசையாக நிறுத்தினால் 33 ஆயிரம் வைரஸ்கள் நிற்கும். இருபது முகங்கள் கொண்ட ஒரு புரதப் பெட்டி. அதனுள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; அவ்வளவுதான் அதன் உடைமை. அந்த இழையில் எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தியோ ஏறத்தாழ 7,400 எழுத்துகளே. இக்கட்டுரையில் உள்ள எழுத்துகளில் பாதி போதும், ஓர் இதயத்தை நிறுத்துவதற்கு!

பெட்டிக்கு வெளியே கொழுப்பாலான உறை கிடையாது. அதனால் வயிற்றிலுள்ள அமிலம் இதனை அழிப்பதில்லை. நோயாளியின் மலத்தின் வழியாகவும் தொண்டைச் சளியின் வழியாகவும் வெளியேறி, கழுவாத கையோடும் அழுக்கான நீரோடும் அடுத்தவர் வாயை அடைகிறது. தொண்டையிலும் குடலிலும் முதலில் பெருகி, பிறகு இரத்தத்தில் கலக்கிறது.

இவ்வாறு தொற்றுப் பெறுவோரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அல்லது இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல் வலியும் வந்து போகும். எனவே இதனைப் படிக்கும் நண்பர்கள் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சிலருக்கு மட்டும் அது இதயத்தை எட்டிவிடுகிறது. ஏன் சிலருக்கு மட்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துவருகின்றனர்.

இதயத்தின் பூட்டு

1952இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், ஒரு மகப்பேற்று விடுதியில் பிறந்த குழந்தைகள் சிலர் திடீரென நோயுற்றனர். பால் குடிக்க மறுத்து, மூச்சு வாங்கி, உடல் நீலம் பாய்ந்து, சிலர் இறந்தும் போயினர். இதயத் தசையில் அழற்சி இருந்தது. அதற்குக் காரணம் பி தொகுதிக் காக்சாக்கி வைரஸ் என்று கண்டனர். 1956இல் இது மருத்துவ இதழில் விரிவாக வெளிவந்தது. சுண்டெலிக் குட்டியிடம் ஆய்வகத்தில் கண்டது, மனிதக் குழந்தையிடமும் உண்மையாயிற்று. இதயத் தசை அழற்சி என்னும் நோய்க்கு இவ்வைரஸும் ஒரு காரணம் என்பது அதன்பின் உறுதிப்பட்டது.

வைரஸ் எதனைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது? இதற்கான விடை 1997இல்தான் கிடைத்தது. ஜெஃப்ரி பெர்கல்சனும் அவருடன் பணியாற்றியோரும் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைக் கண்டறிந்தனர். காக்சாக்கி வைரஸுக்கும், அதனோடு எவ்வித உறவுமில்லாத அடினோவைரஸுக்கும் அதுவே நுழைவாயில். ஆகவே இரண்டின் பெயரையும் சேர்த்து 'கார்' என்று சுருக்கமாக அழைக்கின்றனர்.

இதயத் தசைச் செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களில் இப்புரதம் அமைந்துள்ளது. ஒரு செல்லையும் அதன் அண்டைச் செல்லையும் சேர்த்துவைப்பதே அதன் இயல்பான பணி. வைரஸுக்காக யாரும் கதவு வைக்கவில்லை. நம் உடல் தன் தேவைக்காக வைத்திருக்கும் தாழ்ப்பாளையே வைரஸ் கைப்பிடியாக்கிக்கொள்கிறது! சுண்டெலிகளில் இப்புரதம் குட்டிப் பருவத்து இதயத்தில் மிகுந்தும், வளர்ந்தபின் குறைந்தும் காணப்படுகிறது. டால்டார்ஃபும் சிக்கிள்ஸும் கண்ட வேறுபாட்டிற்கு இதுவும் ஒரு விளக்கம். இதயத் தசையில் மட்டும் இப்புரதம் உருவாகாதவாறு செய்த சுண்டெலிகளுக்கு வைரஸைச் செலுத்தியபோது, அவற்றின் இதயம் தப்பியது.

வைரஸின் கத்தரிக்கோல்

செல்லுக்குள் புகுந்ததும் வைரஸின் ஆர்.என்.ஏ. நேராகவே செல்லின் புரதத் தொழிற்சாலையில் ஏறிக்கொள்கிறது. அங்கே ஒரே நீண்ட புரதச் சங்கிலி உருவாகிறது. அச்சங்கிலியைத் தேவையான துண்டுகளாக வெட்டும் நொதிகளும் அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. துணியைத் தைக்கக் கொடுக்கும்போது கத்தரிக்கோலையும் அதற்குள் சுருட்டி வைத்துக் கொடுப்பது போன்றது இது. அவற்றுள் ஒரு நொதியின் பெயர் 2ஏ.

இந்தக் கத்தரிக்கோல் வைரஸின் சங்கிலியை மட்டும் வெட்டினால் பரவாயில்லை. நம் இதயத் தசையிலுள்ள டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதத்தையும் அது வெட்டிவிடுகிறது என்பதை 1999இல் கண்டறிந்தனர். தசைச் செல்லின் உட்சட்டகத்தை அதன் வெளிச்சவ்வோடு பிணைத்து வைப்பது டிஸ்ட்ரோஃபின். கூரை வீட்டில் மூங்கிலையும் கம்பையும் இறுக்கிக் கட்டும் கயிற்றுக்கு அதனை ஒப்பிடலாம். கயிறு அறுந்தால் கூரை உடனே விழுவதில்லை. ஆனால் ஒவ்வொரு காற்றுக்கும் ஆட்டம் காணும். நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. ஒரு லட்சம் முறை காற்று வீசினால் கயிறறுந்த கூரை என்னாகும்?

டூஷேன் தசை நலிவு நோயைப் பாடத்தில் படித்திருப்போம். அந்நோயுள்ள சிறுவர்களுக்கு டிஸ்ட்ரோஃபின் பிறவியிலேயே இல்லாமற் போகிறது. அவர்களுடைய இதயமும் தளர்ந்துவிடுகிறது. மரபுக் குறையால் பிறவியிலேயே நேருவதைத் தொற்றிய வைரஸ் சில நாள்களில் செய்துவிடக்கூடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காவலரே கலகம் செய்தால்?

கேடு வைரஸோடு முடிவதில்லை. படையெடுத்து வந்த வைரஸை அழிக்க நம் வெள்ளணுக்கள் இதயத்திற்குள் திரளுகின்றன. அவை இல்லையேல் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். ஆனால் சில உடல்களில், பகைவன் போன பின்னும் படை கலைவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நோயல் ரோஸும் அவருடைய குழுவினரும் 1980களில் சுண்டெலிகளிடம் இதனை ஆராய்ந்தனர். பி3 வைரஸ் தொற்றிய சில மரபினச் சுண்டெலிகளில், வைரஸ் மறைந்த பிறகும் இதய அழற்சி தொடர்ந்தது. அவற்றின் இரத்தத்தில், தம் சொந்த இதயத் தசையின் மையோசின் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. வேறு மரபினச் சுண்டெலிகளோ முதற்கட்டத்தோடு நலம் பெற்றுவிட்டன. இங்கும் வைரஸ் ஒன்றே, உடல் வேறு.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதையும் சோதித்தனர். இதயத் தசை அழற்சி உறுதி செய்யப்பட்ட 111 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 1995இல் வெளிவந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இதயத்தின் ஆற்றலிலோ உயிர் பிழைப்பதிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காவலரை முழுதும் அடக்கினால் திருடனுக்கும் கொண்டாட்டமல்லவா?

நோயுற்றவர்களில் பலர் முழு நலம் பெறுகின்றனர். சிலருக்கு இதயத் தசை மெலிந்து, அறைகள் ஊதிப் பெருத்து, இரத்தத்தை வெளியேற்றும் வலிமை குன்றிவிடுகிறது. மாற்று இதயம் பொருத்த வேண்டிய நிலைக்கும் சிலர் வந்துவிடுகின்றனர்.

நீந்திய சுண்டெலிகள்

இப்போது என் ஓட்டப் போட்டிக்கு வருகிறேன். 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பி3 வைரஸ் தொற்றிய சுண்டெலிகளை இரண்டு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவை வெதுவெதுப்பான நீரில் நீந்தச் செய்தனர். மற்றொன்றை ஓய்வாக விட்டனர். நீந்திய சுண்டெலிகளின் இதயத்தில் வைரஸ் பன்மடங்கு பெருகியது. இதயச் சேதமும் இறப்பும் மிகுந்தன. ஒரே வைரஸ், ஒரே வகைச் சுண்டெலி. வேறுபாடு உழைப்பு ஒன்றே.

இதனைப் படித்த அன்று நூலகத்திலிருந்து எழுந்து நேரே மைதானத்திற்குப் போனேன். உடற்கல்வி இயக்குநர் மாணவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சார், நீங்கள் சொன்னது சரிதான்" என்றேன். எதைப் பற்றி என்று அவருக்கு நினைவில்லை! ஓட்டப்பந்தய வீரர்க்கு இதயத் தசை அழற்சி வந்தால் பல மாதங்கள் போட்டியிலிருந்து விலகியிருக்க வேண்டுமென்று மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.

கெஷான் ஊரின் துயரம்

வயது, மரபு, உழைப்பு ஆகிய மூன்றும் நோயின் போக்கை மாற்றுவதைப் பார்த்தோம். நான்காவது ஒன்று உண்டு. அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

வடகிழக்குச் சீனத்தின் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் கெஷான் என்றொரு வட்டாரம் உள்ளது. 1935ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே கொடிய இதய நோய் ஒன்று பரவியது. இந்நோய்க்குக் கெஷான் நோய் என்றே பெயராயிற்று. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டைபோல நீண்ட நிலப்பரப்பில், நகரங்களை விட்டு உழவர் குடும்பங்களையே அது தாக்கியது. சிறு குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுமே பெரும்பாலும் அதற்கு இரையாயினர்.

அப்பகுதி மண்ணில் செலினியம் என்னும் தனிமம் மிகக் குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. 1817இல் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் கண்டறிந்து, நிலவின் பெயரைச் சூட்டிய தனிமம் அது. மண்ணில் இல்லாததால் தானியத்தில் இல்லை. தானியத்தில் இல்லாததால், விளைந்ததை மட்டுமே உண்ட உழவர் உடலிலும் இல்லை. பல ஊர்ப் பொருள்களை வாங்கி உண்ணும் நகரத்தார் தப்பினர்.

சிச்சுவான் மாநிலத்தின் மியன்னிங் வட்டாரத்தில் சீன மருத்துவர்கள் 1974இல் ஒரு பெரும் சோதனையை நடத்தினர். ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுள் 4,510 பேருக்கு வாரந்தோறும் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தனர். 3,985 பேருக்குச் செலினியம் இல்லாத மாத்திரை. அவ்வாண்டில் செலினியம் பெற்றவர்களில் நோயுற்றோர் 10 பேர். பெறாதவர்களில் 54 பேர். மறு ஆண்டு செலினியம் பெற்ற 6,767 பேரில் 7 பேரும், பெறாத 5,445 பேரில் 52 பேரும் நோயுற்றனர். இதற்குமேலும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மருந்தை மறுப்பது அறமன்று என்பதால், 1976இல் எல்லாருக்குமே செலினியம் வழங்கப்பட்டது.

சிக்கல் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஓர் ஐயம் எஞ்சியது. மண்ணிலுள்ள குறை ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பது. நோயோ வடக்கே குளிர்காலத்திலும் தெற்கே கோடையிலும் மிகுந்தது. ஓர் ஆண்டு ஓங்கியும் ஓர் ஆண்டு தாழ்ந்தும் வந்தது. இது தொற்றுநோயின் நடை அல்லவா? நோயாளிகளிடமிருந்து காக்சாக்கி பி தொகுதி வைரஸ்களும் கிடைத்தன. குறையும் வைரஸும் கைகோத்துச் செயல்படுகின்றன என்னும் கருத்து பிறந்தது.

ஆறே எழுத்துகள்

இக்கருத்தை ஆய்வகத்தில் சோதித்தவர்கள், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மெலிண்டா பெக்கும், அமெரிக்க வேளாண் துறையின் மனித ஊட்ட ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆர்வில் லெவாண்டரும் ஆவர். பி3 வைரஸில் இதயத்திற்குத் தீங்கு செய்யாத சாதுவான கிளைவகை ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரு குழுச் சுண்டெலிகளுக்குச் செலினியம் உள்ள உணவும், மற்றொன்றுக்குச் செலினியம் இல்லாத உணவும் நான்கு வாரம் கொடுத்து, பிறகு அந்தச் சாதுவான வைரஸைச் செலுத்தினர். நல்ல உணவு பெற்றவற்றுக்கு இதயக் கேடு இல்லை. செலினியம் பெறாதவற்றின் இதயம் பாழ்பட்டது.

இதுவரை வியப்பில்லை. மெலிந்தவனை நோய் வெல்லும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே. அடுத்து அவர்கள் செய்ததுதான் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. குறையுள்ள சுண்டெலியின் இதயத்திலிருந்து வைரஸை எடுத்து, நல்ல உணவு பெற்ற சுண்டெலிக்குச் செலுத்தினர். அதன் இதயமும் கெட்டது! ஆம்; சாதுவான வைரஸ் குறையுள்ள உடலில் தங்கியிருந்து, கொடிய வைரஸாக மாறி வெளிவந்திருந்தது. அதன் மரபுச் செய்தியைப் படித்துப் பார்த்தனர். 7,400 எழுத்துகளுள் ஆறு எழுத்துகள் மாறியிருந்தன. நல்ல உணவு பெற்ற சுண்டெலியிலிருந்து எடுத்த வைரஸில் அம்மாற்றம் இல்லை. 1995இல் இம்முடிவு வெளியானது.

இது எவ்வாறு நிகழ்கிறது? இவ்வகை வைரஸ்கள் தம் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை வீதம் விழுந்துகொண்டே இருக்கும். செலினியமோ, ஆக்சிஜன் சார்ந்த நச்சுப்பொருள்களை அடக்கும் ஒரு நொதியின் உறுப்பு. அது குறைந்தால் அந்நச்சுகள் பெருகி, வைரஸின் பிழைகளும் மிகுந்திருக்கலாம். வலுவற்ற உடலில் கொடிய பிழைகள் தடையின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டும் இருக்கலாம். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு நம் பாடநூலில் மட்டுமன்று, பசித்த ஒரு சுண்டெலியின் மார்புக்குள்ளும் நடக்கிறது!

இது சுண்டெலிகளில் நிறுவப்பட்டது. மனித உடலுக்குள் இதே மாற்றத்தை நேரில் பின்தொடர்ந்து நிறுவியதில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் செலினியம் மாத்திரை தேடிப் போக வேண்டா. அதே சீனத்தின் என்ஷி என்னும் வட்டாரத்தில் 1960களில் மண்ணில் செலினியம் மிகுந்திருந்ததால், மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. அளவுக்கு மிஞ்சினால் அதுவும் நஞ்சே.

நாம் செய்யத்தக்கவை

இவ்வைரஸை அழிக்கும் தனி மருந்தோ, பொதுப் பயன்பாட்டிற்கு வந்த தடுப்பூசியோ இதுவரை இல்லை. பி தொகுதியின் ஐந்து வகைகளுக்கு எதிரான ஒரு தடுப்பூசி, பின்லாந்து நாட்டில் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையைக் கடந்துள்ளது. அது வரும்வரை நம் கையிலுள்ளவை எளியவையே.

சாப்பிடுமுன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கொரோனாக் காலத்தில் நாம் பழகிய சாராயக் கரைசல், கொழுப்புறை இல்லாத இவ்வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. காய்ச்சல் உள்ள நாள்களில் ஓட்டமும் கடும் பயிற்சியும் கூடா. காய்ச்சலோடோ அது விட்ட சில நாள்களிலோ நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் வாயுத் தொல்லை என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் இதயத்தின் ஒலியலைப் படமும் நிலையைக் காட்டிவிடும். ஓய்வும், தளர்ந்த இதயத்திற்குத் துணை நிற்கும் மருந்துகளும் பலரைக் காப்பாற்றுகின்றன.

இத்துடன் முடிக்கலாம்தான். ஆனால் மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை சந்தையில் மூட்டை தூக்குபவர். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி கிடையாது. மாத்திரை போட்டுக்கொண்டு அவர் மூட்டைக்குத் தோள் கொடுத்த நாள்களை நான் எண்ணி வைத்ததில்லை. நீந்திய சுண்டெலிகளைப் பற்றிப் படித்த இரவில் அவற்றை எண்ண முயன்றேன். என்னை ஓடாமல் தடுக்க ஓர் உடற்கல்வி இயக்குநர் இருந்தார். அவரைத் தடுக்க யார் இருந்தார்கள்?

பள்ளியில் தட்டேந்திச் சத்துணவு வரிசையில் நின்றவன் நான். இல்லாதவர்க்கு இரங்கி இடும் சோறு அது என்ற எண்ணத்தில் சில நேரம் கூசியதுண்டு. இன்று கூச்சமில்லை. ஓர் ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் சத்து, அக்குழந்தையை மட்டும் காப்பதன்று. பக்கத்து இருக்கையில் அமரும் வசதியான வீட்டுக் குழந்தைக்கும் அதுவே காப்பாகலாம். ஒருவன் பசி அவனோடு முடிவதில்லை என்பதைத்தான் அந்த ஆறு எழுத்துகள் எழுதிக் காட்டின.

இவ்வாண்டும் 1500 மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். காய்ச்சல் வராவிட்டால் ஓடுவேன். வந்தால் யாரும் சொல்லாமலே போய்ப் படுத்துக்கொள்வேன். முதல் நாள் கூலி போனாலும் சரி, அப்பாவையும் படுக்கவைப்பேன்.